தண்ணீரில் இருந்து எரிபொருள்: வியாபாரி போட வேண்டிய கணக்கு

2022இல் டீசலுக்காக ஹட்டனில் லொறிகள் வரிசையில் காத்துக் கிடந்ததை நாம் மறக்கவில்லை. எனவே, தண்ணீரில் இருந்து எரிபொருள் என்றதும் ஆசை வருவது இயல்பு.

தண்ணீரில் மின்சாரத்தைச் செலுத்தி ஐதரசனைப் பிரிப்பது மின்பகுப்பு. அந்த ஐதரசனைக் காபனீரொட்சைட்டுடன் சேர்த்துப் பெற்றோல், டீசல் செய்யலாம். காற்றில் இருந்து எடுத்த காபனே எரியும்போது காற்றுக்குத் திரும்பும். மின்சாரமும் நீர், காற்று, வெயிலில் இருந்து வந்தால் காற்றில் புதிய காபன் பெரிதாகச் சேராது. சிலி நாட்டின் ஹாரு ஓனி ஆலை 2022 டிசம்பரில் காற்றாலை மின்சாரத்தால் இவ்வாறு பெற்றோல் எடுத்தது.

இனிக் கணக்கு. ஒரு லீற்றர் டீசலில் உள்ள சக்தி சுமார் 10 யூனிற். அதைச் செய்யவோ இருமடங்கு மின்சாரம் போகும். நமது லக்சபான நீர்மின்சாரம் மழையை நம்பியது; வரட்சி வந்தால் அதுவும் குறையும். மலிவான மின்சாரம் மிகுதியாக உள்ள இடத்திலேயே இத்தொழில் நிலைக்கும்.

ஆகவே, இதில் பங்கு சேர அழைப்பவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: மின்சாரம் எங்கிருந்து? யூனிற் என்ன விலை? வாங்குபவர் யார்? எழுத்தில் பதில் இல்லையேல் முற்பணம் கொடுக்காதீர்கள். தெளிவில்லாத கொடுக்கல் வாங்கலை மார்க்கமும் தடுத்திருக்கிறது.