தோல் உரிக்கலாகாத மாடு

ஆற்காட்டிலிருந்து ஆரணிக்குச் செல்லும் சாலையில் அமைந்த ஊர் திமிரி. அதற்கு வடக்கே இராணிப்பேட்டையும், மேற்கே ஆம்பூர், வாணியம்பாடி முதலிய நகரங்களும் தோல் பதனிடும் தொழிலால் பெயர் பெற்றவை. இத்தகைய நாட்டில் இறந்த மாட்டிற்கும் விலை உண்டு. மாட்டை இழந்த ஏழை உழவன், அதன் தோலையேனும் விற்று இழப்பை ஓரளவு ஈடுசெய்ய எண்ணுவது இயல்பே. ஆயினும், அம்மாடு அடைப்பான் நோயால் மாண்டிருப்பின், தோலை உரித்தல் பெருந்தீங்கு பயக்கும்.

அடைப்பான் கண்ட மாடு பெரும்பாலும் திடீரென வீழ்ந்து மாளும். மூக்கு, வாய், எருவாய் ஆகியவற்றின் வழியே உறையாத கரிய குருதி கசியும். உடல் விரைந்து ஊதும். இக்குறிகளைக் கண்டவர் உடலைத் தொடாது, கால்நடை மருத்துவருக்கு உடனே சொல்லியனுப்ப வேண்டும்.

உடலைக் கிழித்தால் நேரும் கேடு யாது? கிருமிகள் மாட்டின் உடலுக்குள் அடைபட்டிருக்கும்வரை, உடல் அழுகும்போது அவையும் பெரும்பாலும் மடிந்துபோகும். கத்தி பட்டுக் குருதி வெளிப்பட்டாலோ, காற்றிலுள்ள பிராணவாயுவின் சேர்க்கையால் அவை கடினமான உறையுடைய வித்துகளாக மாறிவிடும். செருமானிய அறிஞர் இராபர்ட்டு காக் இவ்வித்துகளின் இயல்பை 1876-இல் விளக்கினார். வெயிலும் மழையும் அவற்றை எளிதில் அழிக்கமாட்டா. அவை மண்ணில் பல்லாண்டுகள் கிடந்து, மேயும் ஆடுமாடுகளின் வாயில் புல்லோடு புகும். தோல் உரிப்பவனுடைய கையிலுள்ள சிறு கீறலே அவன் உடலுக்குள் நோய் நுழையப் போதுமானது.

இறந்த உடலை எரித்தல் சிறந்தது. ஆயின், ஒரு மாட்டை எரிக்க வண்டி விறகு வேண்டும். ஆதலின் சிற்றூர்களில் புதைத்தலே கைகூடும். கிணற்றுக்கும் ஓடைக்கும் மேய்ச்சல் நிலத்திற்கும் அப்பால், ஆறடிக்குக் குறையாமல் குழி தோண்டுதல் வேண்டும். குருதி கசியும் துளைகளைக் கிருமிநாசினியில் தோய்த்த துணியால் அடைத்து, உடலைத் தரையில் இழுக்காமல் வண்டியிலேற்றிச் செல்லுதல் வேண்டும். குருதி சிந்திய மண்ணையும் வைக்கோலையும் அக்குழியிலேயே இடவேண்டும். ஆழம் குறைந்தால் என்னாகும்? புதைகுழியின் வித்துகளை மண்புழுக்கள் மேலே கொண்டுவருகின்றன என்று பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் 1880-இல் எடுத்துரைத்தார். குழியில் சுண்ணாம்பு தூவுதல் நெடுநாளைய வழக்கம். அடைப்பான் நோய்க்கு அது ஏற்றதன்று என்பதே இன்றைய அறிஞர் கருத்து.

திமிரிக்கு அண்மையிலுள்ள இராணிப்பேட்டையில் 1932-இல் நிறுவப்பெற்ற கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம், இந்நோய்க்கான தடுப்பு மருந்தைச் செய்கிறது. வீரியம் குன்றிய வித்துகளே அம்மருந்தாகும். நோய் கண்ட ஊர்களில் எஞ்சிய கால்நடைகளுக்கு அதனை ஆண்டுதோறும் ஊசி வழியே செலுத்துவர்.