பிள்ளை நின்றுவிடுமா?

விவாகமான பெண் முதற் குழந்தையைச் சிறிது காலம் தள்ளிப்போட்டால் பின்பு கருவே தங்காது என்னும் நம்பிக்கை, விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் படியாத குடும்பங்களை மட்டுமன்றிப் படித்த குடும்பங்களையும் பிடித்து ஆட்டுவதற்கு, கல்யாணமான மூன்றாம் மாதமே "விசேஷம் உண்டா?" என்று விசாரிக்கத் தொடங்கும் பந்துக்களே முக்கிய காரணமென்பது என் அபிப்பிராயம். ஆணுறையால் கருத்தரிக்கும் சக்திக்கு யாதொரு பங்கமும் இல்லை. மாலா-என் மாத்திரையை நிறுத்தினாலும், காப்பர் டியை எடுத்துவிட்டாலும் அச்சக்தி விரைவிலேயே திரும்பிவிடுகிறது. 2017இல் தேசியக் குடும்ப நலத் திட்டத்தில் சேர்ந்த அந்தரா என்னும் கருத்தடை ஊசி ஒன்றில் மட்டும், கடைசி ஊசிக்குப் பின் கருத்தரிக்க ஏழு முதல் பத்து மாதம் வரை ஆகலாம். அது தாமதமேயன்றி மலடு அன்று. அடுத்த வருஷமே பிள்ளை வேண்டுமென்று எண்ணுகிறவள் வேறு முறையைக் கேட்பது விவேகம்.

அந்த ஊசியால் மாதவிலக்கு நின்று, உதிரம் வயிற்றில் கட்டியாகிவிடும் என்பது இன்னொரு பயம். மருந்தினால் கருப்பையின் உட்படலம் மெலிந்து போவதால் வெளியேற எதுவும் சேர்வதில்லை. இல்லாதது எங்கே தங்கும்?

காப்பர் டி நெஞ்சுக்கு ஏறும் என்பதோ வெறும் பிரமை. கருப்பையிலிருந்து நெஞ்சுக்கு வழியே கிடையாது. முதற் சில மாதங்களில் உதிரப்போக்கும் வலியும் அதிகமாகலாம் என்பது உண்மை. அதை முன்கூட்டிச் சொல்லாமல் போட்டனுப்பும் அவசரத்திலிருந்துதான் பாதி வதந்திகள் பிறக்கின்றன.

உடலுறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் உண்ணும் அவசர கருத்தடை மாத்திரை கருவைக் கலைப்பது என்பாரும் உளர். அது கருமுட்டை வெளிப்படுவதைத் தாமதப்படுத்துகிறதே தவிர, உண்டாகிவிட்ட கர்ப்பத்தை ஒன்றும் செய்வதில்லை. மருத்துவர் சீட்டின்றியே விற்கலாமென்று 2005இல் அனுமதி பெற்ற அம்மாத்திரை, நம் மாநிலத்து மருந்துக்கடைகளில் பெரும்பாலும் அகப்படாதிருப்பது வெட்கக்கேடு.

2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 58 பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். மாத்திரை, ஆணுறை, காப்பர் டி முதலிய நவீன முறைகள் அனைத்தும் சேர்ந்தும் நூற்றுக்குப் பத்தை எட்டவில்லை. (ஆண்கள் செய்துகொண்ட ஆபரேஷனைக் கணக்கில் தேடித்தான் காணவேண்டும்.) இருபது வயதுப் பெண்ணுக்கு வேண்டியது இடைவெளியாயிருக்க, நம் ஊரார் அறிந்தது முடிவு ஒன்றையே.

புருஷன் கையெழுத்தின்றி ஒன்றும் தரமாட்டார்கள் என்பதும் பொய். தற்காலிக முறைகளுக்கு மட்டுமல்ல, ஆபரேஷனுக்குக்கூட விதிகள் அவனது சம்மதத்தைக் கேட்பதில்லை. மணமாகாதவள் விஷயத்திலும், கருக்கலைப்புச் சட்டம் அவளை வேறாக நடத்தலாகாதென்று உச்ச நீதிமன்றம் 29-9-2022 அன்று தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே சகோதரிகளே, மாமியாரையும் அண்டை வீட்டாரையும் கேட்குமுன், உங்கள் ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியரையோ, திண்டிவனம் அரசு மருத்துவமனையையோ, முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ தயங்காமல் நாடிக் கேளுங்கள்.