தீப்பிடித்த பிறகு மிஞ்சும் விநாடிகள்



ஃபன்னி கார் டிராக் பந்தயக் குழு ஒன்றில் சேர்ந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். மகிழ்ச்சி. நாலு விநாடியில் முடிகிற ஓட்டத்துக்கு 20 பவுண்டு தீயணைப்பு மருந்து எதற்கு என்றும் கேட்டிருந்தீர்கள்.

ஓட்டம்தான் நாலு விநாடி. ஆயிரம் அடிக் கோட்டைத் தாண்டும்போது வண்டி மணிக்கு 300 மைலுக்கு மேல் பாய்ந்துகொண்டிருக்கும். அது நிற்கும்வரை ஓட்டுநர் இறங்க முடியாது. எஞ்சினோ அவருக்கு முன்னால் இருக்கிறது. அங்கே பிடிக்கிற தீயை எதிர்காற்று நேராக அவர்மீது தள்ளும். அதே பந்தயத்தின் இன்னொரு வகை வண்டிகளான டிராக்ஸ்டர்கள் இதிலிருந்து தப்பிவிட்டன. 1970 மார்ச்சில் லாங் பீச்சை ஒட்டிய லயன்ஸ் ஓடுதளத்தில் கியர்பாக்ஸ் வெடித்து டிராக்ஸ்டர் ஓட்டுநர் டான் கார்லிட்ஸ் வலது பாதத்தில் ஒரு பகுதியை இழந்தார். மறு ஆண்டே எஞ்சினை முதுகுக்குப் பின்னால் வைத்து ஓட்டினார். மற்றவர்களும் அந்த வழிக்கு வந்தார்கள். ஃபன்னி கார் மட்டும் பழைய அமைப்பிலேயே இருக்கிறது.

மருந்து எவ்வளவு என்பதைவிட அது எங்கே போகிறது என்பதைப் பாருங்கள். குறைந்தது 15 பவுண்டு எஞ்சினின் முன்பக்கத்துக்கு, இரு பக்க எக்ஸாஸ்ட் குழாய்களுக்கு முன்னும் ஒவ்வொரு நாசில். பிஸ்டன் ஓட்டையாகிப் பீறிடும் ஆயில் அந்தக் கொதிக்கும் குழாய்களில் பட்டுத்தான் பற்றுகிறது. மீதி 5 பவுண்டு ஓட்டுநருக்கு, காலடியில் தொடங்கி அவரைச் சுற்றித் திரைபோல எழ வேண்டும். பாட்டில் ஒவ்வொன்றுக்கும் தனிக் குழாய் வேண்டும். மருந்தைத் திறந்துவிடும் இழுப்புக் கேபிள் எஞ்சினையும் கிளட்சையும் கடக்கும் இடத்தில் சட்டத்தின் உட்புறமாகப் போகட்டும். வெளியே போனால் வெடிக்கிற கிளட்ச் கேபிளை அறுத்துவிடலாம். பாட்டிலைப் பிளாஸ்டிக் பட்டையால் கட்டியிருந்தால் அன்று வண்டியை இறக்க விடாதீர்கள், யார் கோபித்துக்கொண்டாலும் சரி.

இன்னொன்று. நைட்ரோமீத்தேன் தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் ஒரு பங்கைத் தானே சுமந்து வருகிறது. அதனால் இந்த எரிபொருள் ஓடிக்கொண்டிருக்கும்போது தீயணைப்புப் பிடியை இழுத்தால் மருந்து சில விநாடிகளில் தீர்ந்துவிடும், தீ திரும்பவும் எழும். முதலில் எரிபொருளை அடைக்க வேண்டும். ஓட்டுநர் அணியும் தடித்த உடை, 3.2ஏ/20 என்ற பாதுகாப்புத் தரத்தில், சோதனைக்கூடக் கணக்குப்படி இரண்டாம் நிலைத் தீக்காயத்தைச் சுமார் 40 விநாடி தள்ளிப்போடும். அவர் கையில் இருப்பது அவ்வளவுதான்.

பாட்டிலின் அளவுமானி முள் அழுத்தத்தை மட்டுமே காட்டும். மருந்து குறைந்திருக்கிறதா என்று தராசில் வைத்துப் பாருங்கள். கிளம்புமுன் தீயணைப்புப் பிடியின் பாதுகாப்புப் பின்னைக் கழற்றுவது உங்கள் குழுவில் யார் பொறுப்பு? அடுத்த கடிதத்தில் கட்டாயம் எழுதுங்கள்.