நெல்லைச் சிற்றூர்ச் சபைகளில் பந்தியும் பயணமும்

திருநெல்வேலி நாட்டின் தென்பாகத்தில், தேரி மணலும் பனங்காடும் சூழ்ந்த சிற்றூர்களில் எழுந்த கிறிஸ்தவ சபைகளின் வரலாற்றை எழுதப் புகுந்தோர், மிஷனெரிமாரின் வருகையையும் ஆலயப் பிரதிஷ்டைகளையும் பள்ளிகளின் வளர்ச்சியையுமே பெரிதும் விரித்துரைத்தனர். அவை உரைக்கத் தக்கனவே. ஆயினும், பல குடும்பங்கள் எங்ஙனம் ஒரு சபையாயின என்று வினவுவோமாயின், கோபுரத்தின் அடியினின்று சற்று விலகி, ஆலயத்தின் பின்புறத்தே அடுப்பு மூட்டிய இடத்தையும், பண்டிகைக்குச் சென்ற வண்டித் தடத்தையும் நோக்குதல் வேண்டும். ஒருங்கிருந்து உண்ணுதலும் ஒருங்கு கூடி வழிச் செல்லுதலும் சிற்றூர்ச் சபையின் உயிர்நிலை என்பதே நாம் இக்கட்டுரையில் காட்ட விரும்புவது. சபை நலிவதும் முதற்கண் அவ்விரண்டிலேயே புலப்படும்.

பாளையங்கோட்டையில் 1780ஆம் ஆண்டு எழுதப்பட்ட சபைப் பதிவில் நாற்பது பேரே இருந்தனர் என்பதும், குளோரிந்தா அம்மையார் முயற்சியால் 1785இல் அங்கே சிற்றாலயம் எழுந்தது என்பதும் நம் மாணவர் அறிந்தவையே. சபை நாட்டுப்புறத்தை அடைந்தபோது வேறொரு தேவை பிறந்தது. புதிய மார்க்கத்தைத் தழுவினோர் பலர் உறவினராலும் ஊராராலும் துரத்தப்பட்டனர். அவர்களுக்குக் குடியிருக்க நிலம் வேண்டியிருந்தது. தாவீது சுந்தரானந்தம் என்பார் முயற்சியால் 1799இல் முதலூர் உண்டாயிற்று. கிறிஸ்தவர்களுக்கென அமைந்த முதல் ஊர் ஆதலின் அப்பெயர் பெற்றது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியஸ் ஐயர், இவ்வாறு நிலம் வாங்கி ஊர் அமைப்பதற்கென்றே 1830இல் ஒரு தர்ம சங்கத்தை நிறுவினார். சுவிசேஷபுரம், ஆனந்தபுரம், மெஞ்ஞானபுரம், நாசரேத் முதலிய பெயர்களைக் கேட்பவர்க்கு அவை ஏதோ நூலினின்று எடுத்து நட்ட பெயர்கள் போலத் தோன்றலாம். அங்குக் குடியேறினவர்களோ, பழைய ஊரையும் கிணற்றையும் சுற்றத்தையும் ஒருங்கே இழந்து வந்தவர்கள்.

அவர்கள் இழந்தவற்றுள் ஒன்றைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நெல்லை நாட்டில் ஆண்டுதோறும் நிகழும் கொடை விழாவே ஊரெல்லாம் கூடும் நாள். அன்று பொங்கலிடுவர், கிடா வெட்டுவர், வெளியூர்ச் சென்றோர் திரும்புவர், பகை கொண்டோரும் ஒரு பந்தலின் கீழ் நிற்பர். அக்கொடையை விட்டு வந்த குடும்பத்திற்கு, ஆராதனையும் ஞானோபதேசமும் கிடைத்தன. கூடி உண்ணும் நாள் ஒன்று கிடைக்கவில்லை. சபைகளில் அசனப் பண்டிகை இத்துணை ஆழமாக வேரூன்றியதற்கு இதுவே காரணமென்று நமக்குத் தோன்றுகிறது. அசனம் என்பது வடமொழியில் உணவு என்றே பொருள்படும். வேதாகமத்தில் அன்பின் விருந்து என்று சொல்லப்பட்டதனை மூத்தோர் இதற்கு மேற்கோளாகக் காட்டுவர். மேற்கோள் சரியே. எனினும் அதன் அடுப்பும் கொப்பரையும் பந்தி முறையும் இம்மண்ணுக்கே உரியவை.

அவ்வடுப்பில் ஏறும் அரிசி எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் பெண்களின் கையிலிருந்து வந்தது. உலையில் அரிசி இடுமுன் ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பர். ஓய்வுநாளில் அதை ஆலயத்திற்குக் கொண்டுசென்று கொட்டுவர். அது அளக்கப்பட்டு விற்கப்படும். அன்றேல் ஏழைகளுக்கென ஒதுக்கப்படும். விளக்கெண்ணெயும் உபதேசியார் சம்பளமும் கூரை வேய்தலும் இக்கைப்பிடி அரிசியால் நடந்த சபைகள் பல. இம்முறையின் நுட்பம் ஒன்று உண்டு. பணமாகக் கேட்டால் ஆண்மகன் மடியை அவிழ்க்க வேண்டும். அது அவன் மனம் போலிருக்கும். அரிசியாகக் கேட்கும்போது கொடுப்பவள் வீட்டு அடுப்புக்கு உரியவள். உடைமை இல்லாத பெண்ணும் அங்ஙனம் சபைக்குக் கொடுப்போருள் ஒருத்தியானாள். அன்று வீட்டில் ஒரு கவளம் குறையும். அக்குறை பெரும்பாலும் அவள் உண்கலத்திலேயே விழும் என்பதையும் நாம் மறைத்தல் ஆகாது.

வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த அசரியா அத்தியட்சர் இப்பழக்கத்தின் மதிப்பை நன்கறிந்தவர். 1903இல் நெல்லைச் சபையார் தம் சொந்தக் காணிக்கையால் இந்திய மிஷனெரி சங்கத்தை நிறுவித் தெலுங்கு நாட்டுக்கு ஊழியரை அனுப்பத் தொடங்கியபோது அவர் அதில் முன்னின்றார். 1912இல் தோர்ணக்கல்லின் அத்தியட்சராக அபிஷேகம் பெற்ற பின், மிகவும் வறிய தெலுங்குக் கிராமத்தாரும் கைப்பிடி அரிசியால் தம் சபையைத் தாங்க முடியும் என்று கற்பித்தார்.

இனி அசன நாளுக்கு வருவோம். அது ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையை ஒட்டியோ, அறுப்பின் பண்டிகையை ஒட்டியோ வரும். விருந்து நடுப்பகலுக்கேயாயினும் வேலை முந்தின மாலையே தொடங்கிவிடும். ஆலய முற்றத்தில் பாய் விரித்து, அரிவாள்மணைகளை வரிசையாக இட்டுப் பெண்கள் கத்தரிக்காயும் வெங்காயமும் அரிவர். ஆண்கள் மண்ணை வெட்டி நீண்ட அடுப்புகள் அமைத்து விறகு பிளப்பர். சிறுவர் தண்ணீர் சுமப்பர். வாலிபர் விளக்கடியில் கீர்த்தனை பாடுவர். பாளையங்கோட்டையிற் பிறந்த வேதநாயக சாஸ்திரியாரின் பாட்டுகள் இத்தகைய இரவுகளில் ஏட்டின் துணையின்றியே வாய்வழி இறங்கின. ஆண்டு முழுதும் ஒருவரோடொருவர் பேசாதிருந்த இரு வீட்டார், ஒரே அண்டாவின் இரு காதுகளையும் பிடித்து இறக்க வேண்டிய நிலை அன்று வரும். இறக்கும்போது, “பார்த்து, பார்த்து” என்றாவது சொல்லியே ஆக வேண்டும். குருவானவரின் சமாதானப் பிரசங்கத்தைவிட இது விரைவாகப் பயன் தருவதுண்டு.

சோறும் ஆட்டுக்கறிக் குழம்புமே அசனத்தில் வழக்கமான உணவு. முதலில் ஐயர் ஜெபித்து ஆசீர்வதிப்பார். பின்னர்ப் பந்தி பந்தியாக உண்பர். பாத்திரம் கொண்டு வந்தவர்க்கு வீட்டிலிருக்கும் கிழவர்க்கும் நோயாளிக்குமாக ஊற்றிக் கொடுப்பர். அடுத்த தெருவிலுள்ள இந்துக்களும் இஸ்லாமியரும் வந்து உண்பதும் வாங்கிச் செல்வதும் உண்டு. விருந்தில் மிச்சமாகும் குழம்பு அடுத்த நாள் இன்னும் சுவைக்கும் என்பது அவ்வூர்களில் எல்லாச் சமயத்தாரும் ஒப்புக்கொள்ளும் கொள்கை.

ஆயின் பந்தி எளிய காரியம் அன்று. கொரிந்து சபையில் செல்வர் முந்தி உண்டு நிறைய, ஏழைகள் பசித்திருந்ததைப் பவுல் அப்போஸ்தலர் கடிந்துரைத்தார். எருசலேமிலோ, அன்றாட விசாரிப்பில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டதால் எழுந்த முறுமுறுப்பே எழுவர் நியமனத்திற்குக் காரணமாயிற்று. ஆகவே ஆதித் திருச்சபையின் முதற் பிணக்குகளுள் இரண்டு, யார் எப்போது உண்பது என்பது பற்றியவை. நம் நாட்டில் அவ்வினாவோடு சாதியும் சேர்ந்துகொண்டது.

கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன் 1833இல் சபைக்குள் சாதி வேற்றுமை முற்றும் ஒழிய வேண்டுமெனக் கட்டளை எழுதினார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பெருங்கலகம் மூண்டது. மேலே நாம் போற்றிய வேதநாயக சாஸ்திரியாரே சாதி வழக்கத்தை விட மறுத்தோர் பக்கம் நின்றார் என்பதைச் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. மதுரையில் அமெரிக்க மிஷன் 1847இல் இன்னும் ஒருபடி மேலே சென்றது. எச்சாதியார் சமைத்ததையும் உண்ண இசைவதே சாதியை விட்டதற்குச் சான்று என்று விதித்தது. இசையாத உபதேசியார் பலர் வேலையிழந்தனர். சென்னையில் கூடிய மிஷனெரிமார் மாநாடும் 1850இல் இக்கொள்கையையே தழுவியது. லெய்ப்சிக் லுத்தரன் மிஷனார் மட்டும், சாதி நாளடைவில் தானே தேயட்டும் என்று இணக்கம் காட்டினர்.

விருந்தைத் தேர்வாக வைப்பது நமக்கு உவப்பன்று. கட்டாயத்தால் விழுங்கிய கவளத்தில் அன்பு எங்ஙனம் இருக்கும்? எனினும் அம்மிஷனெரிமார் ஒன்றைச் சரியாகக் கண்டனர். பீடத்தண்டையில் ஒரே பாத்திரத்தில் பருகிய பின்னும், வாழையிலையின் முன்னே மனிதன் பழைய மனிதனாகவே இருக்கக் கூடும். லெய்ப்சிக் மிஷனார் எதிர்பார்த்த தேய்வு, ஒன்றே முக்கால் நூற்றாண்டு கடந்தும் முடிவுறவில்லை. இன்றும் ஒரு சாதியாரே நிறைந்த சபைகள் நம்மிடையே உள. அங்கெல்லாம், யார் பரிமாறுகிறார், யார் முதற் பந்தியில் அமர்கிறார், எச்சிலை எடுப்பது யார் என்ற மூன்றையும் கண்டால் போதும். சபையின் நிலை விளங்கிவிடும்.

அறுப்பின் பண்டிகை ஏலத்தைக் குறித்தும் சிறிது சொல்ல வேண்டும். வாழைத்தார், பூசணி, கருப்பட்டி, கோழி, ஆடு என்று விளைந்ததையும் வளர்த்ததையும் ஆலயத்திற்குக் கொணர்ந்து படைப்பர். ஆராதனை முடிந்தபின் முற்றத்தில் ஏலம் கூறுவர். ஒருவர் முட்டையொன்றைக் கடைவிலையினும் பன்மடங்கிற்கு எடுத்து, மீண்டும் அதையே காணிக்கையாக்க, அது மறுபடி ஏலத்திற்கு வரும். இது வேடிக்கையாகவும் கொடையாகவும் இருக்கும் வரை நன்று. வெளியூரில் பொருளீட்டியோர் போட்டியிட்டு விலையேற்றத் தொடங்கியதும், ஆட்டைக் கொணர்ந்த ஏழையின் பெயர் மறைந்து, அதை வாங்கியவர் பெயரே ஊரில் நிற்கிறது.

பயணத்திற்கு வருவோம். சிற்றூர்ச் சபையின் பயணம் ஊருக்குள்ளேயே தொடங்குகிறது. குருத்தோலை ஞாயிறன்று ஓலைச் சிலுவை ஏந்தித் தெருச் சுற்றுவதும், மார்கழிப் பனியில் வீடுதோறும் கிறிஸ்து பிறப்பின் கீதம் பாடிச் செல்வதும் அதன் முதற் படிகள். இவற்றில் எவ்வீட்டு வாசலும் விடுபடாது. பெரும் பயணமோ பாளையங்கோட்டை ஸ்தோத்திரப் பண்டிகைக்குரியது. ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் நெல்லைச் சபைகள் அங்கே கூடும். பேருந்துகள் வருமுன் மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் சென்றனர். வைக்கோல் பரப்பிய வண்டியில் பிள்ளைகளும் கிழவிகளும் ஏற, கட்டுச்சோறும் பாயும் அவர்கள் மடியில் ஏறும். மற்றையோர் நிலவொளியில் பாடிக்கொண்டே பின்னே நடப்பர். தன் ஊரையும் தாய்வீட்டையும் அன்றி வேறிடம் காணாத பெண் ஊசிக்கோபுரத்தைக் கண்டு நின்றதும், தன்னைப் போன்ற ஆயிரம் பெண்களோடு ஒரே பாட்டைப் பாடியதும் இப்பயணத்தினாலே. 1826இல் இரேனியஸ் ஐயர் காலத்தில் எழுந்த அவ்வாலயம் தன்னுடையதும் ஆகும் என்பதை அவள் அங்கேதான் அறிந்தாள். 1923இல் திருச்செந்தூர் இருப்புப் பாதை நாசரேத் வழியே திறக்கப்பட்டபோது அப்பகுதியார் பயணம் எளிதாயிற்று. வழிநடைப் பாட்டும் குறைந்தது. (கத்தோலிக்க சகோதரர்களின் தேர்ப் பவனிகளும் வேளாங்கண்ணிப் பாதயாத்திரையும் தனிக் கட்டுரைக்குரியன.)

இக்காலத்தில் இதனோடு உல்லாசப் பயணம் சேர்ந்துள்ளது. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளையும் வாலிபர் சங்கத்தாரையும் பெண்கள் ஐக்கியத்தாரையும் வண்டியமர்த்திக் குற்றாலத்திற்கோ திருச்செந்தூர்க் கடற்கரைக்கோ அழைத்துச் செல்வது பல சேகரங்களில் வழக்கமாயிற்று. இதைப் பழிப்பாருடன் நாம் சேரோம். அருவியில் நனைந்து நடுங்கிய பிள்ளை, தலை துவட்டிவிட்ட ஆசிரியையை வாழ்நாளெல்லாம் நினைப்பான். மனனம் செய்த வசனம் அங்ஙனம் நிற்கும் என்பதற்கு உறுதியில்லை.

நம் குறை வேறு. அசனத்திற்கு வரத் தலைக்கு இவ்வளவு என்று எவரும் கேட்டதில்லை. உல்லாசப் பயணத்திற்கோ ஆளுக்கு இவ்வளவு என்று அறிவிப்புப் பலகையில் எழுதுகிறார்கள். மூன்று பிள்ளைகளுடைய கூலிக்காரத் தாய் அதைப் படித்துவிட்டு, வெயில் ஆகாது என்றோ வீட்டில் வேலை என்றோ சொல்லி விலகிக்கொள்கிறாள். வண்டி நிறைந்தது என்று செயலாளர் மகிழ்கிறார். மறு ஓய்வுநாளில் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் அருவிக் கதை பேச, மற்றைப் பாதி வாய்மூடியிருக்கும். கொரிந்து சபையை அறிய நாம் கிரேக்க நாட்டுக்குப் போக வேண்டுவதில்லை.

நாளைத் தெரிந்தெடுப்பதிலும் இவ்வாறே. குற்றாலச் சாரல் ஆனி, ஆடி மாதங்களில் விழும். பதனீர்க் காலமோ பங்குனி தொடங்கி ஆடி கடந்தும் நீளும். அக்காலத்தில் பனையேறி நாளுக்கு இருமுறை தன் மரங்களில் ஏறியாக வேண்டும். அவன் மனைவி கருப்பட்டி காய்ச்சியாக வேண்டும். பனையேறிகள் இன்று அருகிவிட்டனர். ஆயினும் அவர்கள் இடத்தில் பீடி சுற்றும் பெண்கள் இருக்கிறார்கள். எண்ணிக்கைக்குக் கூலி பெறும் அவர்களுக்கு ஒரு நாள் பயணம் ஒரு நாட் கூலியின் இழப்பு. ஊரிலுள்ளோரின் தொழிலைக் கேளாமல் குறித்த நாள், மாதச் சம்பளம் வாங்குவோர்க்கே வாய்க்கும்.

இதற்கு மருந்து புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டுவதன்று. கைப்பிடி அரிசிப் பணத்தில் ஒரு பங்கைப் பயணத்திற்கென வைத்து, விரும்பினோர் கூடுதலாக இடும் காணிக்கையையும் பெயர் கூறாது அதிலே சேர்த்து, எவரிடமும் தலைப்பணம் வாங்காமல் செல்லலாம். தூரம் குறையலாம்; குற்றாலத்திற்குப் பதிலாக அடுத்த ஊர்க் குளக்கரையோடு நின்றுவிடலாம். கட்டுச்சோற்றை வீட்டுக்கு வீடு தனித்தனியே அவிழ்க்காமல் ஒரே பாயில் கொட்டிக் கலந்து உண்டால் குளக்கரையும் போதும்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவரிடம் நாம் ஒன்று வேண்டுகிறோம். சேகர அலுவலகங்களிலுள்ள பழைய கணக்கேடுகளில் அரிசி வரவும் அசனச் செலவும் வண்டிக்கூலியும் எழுதப்பட்டிருக்கும். ஓலைப் பெட்டியிலும் தகரப் பெட்டியிலும் கிடந்து அவை செல்லரிக்கின்றன. ஐயரவர்களின் அனுமதி பெற்று அவற்றை ஆண்டு வாரியாகப் படியெடுங்கள். கொடுத்தோர் பெயர் வரிசையில் பெண்கள் பெயர் எந்த ஆண்டில் முதன்முதல் தனியே வருகிறது என்று பாருங்கள். பயணச் செலவுக்குத் தலைப்பணம் வாங்கத் தொடங்கிய ஆண்டையும், அவ்வாண்டில் எத்தனை வீட்டார் பெயர் அவ்வேட்டில் விடுபட்டது என்பதையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.