செஞ்சிப் பட்டியலும் கணிப்பொறி வரிசையும்

மூன்றாம் ஆண்டு, கணிப்பொறி அறிவியல்

முன்னுரை

அறுவடை முடிந்து களத்தில் குவிந்து கிடக்கும் நெல்லைத் தூற்றி, தரம் பிரித்து, மூட்டை கட்டிய பிறகே உழவன் நிமிர்ந்து நிற்கிறான். திரட்டிய தகவலும் அத்தகையதே. குவித்து வைத்ததால் மட்டும் அது பயன் தருவதில்லை. வேண்டிய முறையில் வரிசைப்பட வேண்டும். ஆனால் வரிசைப்படுத்துகிறேன் என்று சொல்லிக்கொண்டே தகவலைக் கெடுத்துவிடவும் முடியும். அத்தகைய பிழையொன்றை நானே செய்தேன். அதிலிருந்து கற்ற பாடத்தைச் சக மாணவ நண்பர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண்காட்சியில் நேர்ந்தது

2025-ஆம் ஆண்டு ஜூலை 11-ஆம் நாள், மராட்டியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டினை யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் பதினொன்று மகாராட்டிரத்தைச் சேர்ந்தவை. எஞ்சிய ஒன்று நம் செஞ்சிக் கோட்டை. அந்த மகிழ்ச்சியில் நம் கல்லூரியில் சிறியதொரு கண்காட்சி வைத்தோம். வரலாற்றுத் துறை நண்பர்கள் திரட்டித் தந்த குறிப்புகளைத் தட்டச்சு செய்து சுவர்ப் பட்டியலாக அமைக்கும் பணி எனக்குக் கிடைத்தது.

கையில் கிடைத்த வரிசையிலேயே ஐந்து நிகழ்ச்சிகளை முதலில் தட்டச்சு செய்தேன். தேசிங்கு போரில் வீழ்ந்தது 1714. ஆங்கிலேயர் கோட்டையைப் பெற்றது 1761. சிவாஜி கைப்பற்றியது 1677. பிரெஞ்சுக்காரர் கைப்பற்றியது 1750. முகலாயத் தளபதி சுல்பிகர் கான் கைப்பற்றியது 1698. நிகழ்ச்சி ஒரு நெடுவரிசையிலும் ஆண்டு மற்றொரு நெடுவரிசையிலும் இருந்தன. ஆண்டு நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து, ஏறுமுகமாக வரிசைப்படுத்தும்படி கணிப்பொறிக்கு ஆணையிட்டேன். நொடியில் முடிந்தது. 1677, 1698, 1714, 1750, 1761 என்று எண்கள் படிக்கட்டுப் போல அழகாக நின்றன. அப்படியே அச்சிட்டுச் சுவரில் ஒட்டினேன்.

பேரனுடன் வந்திருந்த பெரியவர் ஒருவர் பட்டியலின் முன் நெடுநேரம் நின்றார். பின்னர் என்னைப் பார்த்து, “தம்பி, தேசிங்கு ராஜா கதையைச் சின்ன வயசுலேர்ந்து கேட்டு வளர்ந்தவன் நான். சிவாஜி வந்த வருஷத்துலயா தேசிங்கு செத்தாரு? அதுவுமில்லாம, சிவாஜி செத்து முப்பது வருஷத்துக்கு மேல ஆன பெறகு வந்து கோட்டையப் புடிச்சாருன்னு போட்டிருக்கீங்களே?” என்றார்.

அப்போதுதான் பட்டியலை ஒழுங்காகப் படித்தேன். ஆண்டுகள் நகர்ந்திருந்தன; நிகழ்ச்சிகள் நகரவில்லை. தேசிங்கு 1677-இல் வீழ்ந்தார்; ஆங்கிலேயர் 1698-இல் வந்தனர்; 1680-இல் மறைந்த சிவாஜி 1714-இல் கோட்டையைப் பிடித்தார்; சுல்பிகர் கான் 1761-இல் வென்றார்! பிரெஞ்சுக்காரருக்குரிய 1750 மட்டும் தற்செயலாகத் தன் இடத்திலேயே நின்றது. நான் சரிபார்க்க எடுத்துக்கொண்டதும் அந்த ஒரு வரியையே. “மன்னிக்க வேண்டும் ஐயா, என் தவறுதான்” என்று கூறிப் பட்டியலைக் கழற்றினேன்.

பதிவு பிரியலாகாது

என் பிழையின் வேர் எது? ஒரு நிகழ்ச்சியும் அதன் ஆண்டும் அதனோடு தொடர்புடையோரும் சேர்ந்து ஒரு பதிவு. அப்பதிவுக்குள் இருக்கும் ஒவ்வொரு கூறும் ஒரு புலம். வரிசைப்படுத்தும்போது நாம் தேர்ந்தெடுக்கும் நெடுவரிசை, யார் முன்னே யார் பின்னே என்று தீர்ப்புச் சொல்ல மட்டுமே வேண்டும். நகர வேண்டியது முழுப் பதிவு. தீர்ப்புக்குப் பயன்படும் புலத்தைத் திறவுகோல் என்பர். திறவுகோலை மட்டும் நகர்த்தினால் வீட்டை விட்டுவிட்டுப் பூட்டை எடுத்துச் சென்ற கதையாகிவிடும்.

ஆகவே அட்டவணைச் செயலியை ஒதுக்கிவிட்டு, எளிய உரைக்கோப்பு ஒன்றில் ஒரு பதிவுக்கு ஒரு வரி என்று எழுதினேன். புலங்களைப் பிரிக்கக் காற்புள்ளியைப் பயன்படுத்துவது பெருவழக்கு. ஆனால் “சிங்கவரம், செஞ்சி வட்டம்” என்று ஒரு புலத்துக்குள்ளேயே காற்புள்ளி வந்தால், கணிப்பொறி அதனை இரண்டு புலங்களாக எண்ணிவிடும். அத்தகைய புலத்தை மேற்கோள் குறிகளுக்குள் அடைத்து, அவ்விதியை அறிந்த நூலகச் செயற்கூறால் படிப்பது ஒரு வழி. தகவலில் எங்கும் வராத குறியொன்றைப் பிரிப்பானாகக் கொள்வது மற்றொரு வழி. நான் குத்துக்கோட்டைக் கொண்டேன். நாள் தெரிந்த நிகழ்ச்சிகளுக்கு ஆண்டோடு நாளையும் சேர்த்தேன். கோப்பின் ஒரு பகுதி இது:

நிகழ்ச்சி|நாள்|தொடர்புடையோர்
கோட்டை ஆங்கிலேயர் வசமாதல்|05-04-1761|ஸ்டீபன் ஸ்மித்
உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்தல்|11-07-2025|யுனெஸ்கோ
தேசிங்கு போரில் வீழ்தல்|03-10-1714|சாதத்துல்லா கான்
பிரெஞ்சுப் படையின் இரவுத் தாக்குதல்|11-09-1750|புஸ்ஸி

நிரலின் அமைப்பு

பைத்தானில் எழுதினாலும் சி மொழியில் எழுதினாலும் நிரலின் போக்கு ஒன்றே. அதனைத் தமிழில் இவ்வாறு கூறலாம்:

1. கோப்பைத் திற. முதல் வரி தலைப்பு. அதைத் தனியே எடுத்து வை. (வைக்காவிட்டால் தலைப்பும் ஒரு பதிவாகக் கலந்துவிடும்.)
2. அடுத்த வரிகளை ஒவ்வொன்றாகப் படி. வரிமுடிவுக் குறியை நீக்கு. வெற்று வரியானால் விட்டுவிடு.
3. குத்துக்கோடு வருமிடந்தோறும் வரியைப் பிரி. புலங்களின் எண்ணிக்கை தலைப்பிலுள்ள எண்ணிக்கைக்குச் சமமா என்று பார். சமமில்லையேல், எத்தனையாவது வரி என்று கூறி நின்றுவிடு.
4. தேர்ந்தெடுத்த நெடுவரிசையிலுள்ள புலத்திலிருந்து திறவுகோலை உருவாக்கு.
5. திறவுகோலையும் முழு வரியையும் ஓர் இணையாக்கிப் பட்டியலில் சேர்.
6. திறவுகோலை ஒப்பிட்டு இணைகளை வரிசைப்படுத்து.
7. புதிய கோப்பில் தலைப்பை முதலில் எழுது. பின்னர் வரிகளை எழுது. மூலக் கோப்பின் மீது எழுதாதே.

நெடுவரிசைகளை நாம் ஒன்றிலிருந்து எண்ணுவோம். மேற்கூறிய இரு மொழிகளும் சுழியத்திலிருந்து எண்ணும். இரண்டாம் நெடுவரிசையான நாளுக்கு அங்கே எண் 1. இதை மறந்தால் நிரல் பிழையின்றி ஓடும். ஆனால் வேறொரு நெடுவரிசைப்படி வரிசைப்படுத்திவிடும்.

ஆறாம் படிக்கு உரிய வழிகள் பல. சீட்டுக்கட்டைக் கையில் அடுக்குவதுபோல ஒவ்வொன்றாக உரிய இடத்தில் செருகுவது எளிது. ஆனால் ஆயிரம் பதிவுகள் இருந்தால், மிக மோசமான நிலையில் 4,99,500 ஒப்பீடுகள் வேண்டும். 1945-இல் வான் நியூமன் வகுத்த இணைப்பு முறையில் பட்டியலைப் பாதி பாதியாகப் பிரித்து வரிசைப்படுத்திச் சேர்ப்பதால், ஏறத்தாழ 10,000 ஒப்பீடுகளே போதும். இன்றைய மொழிகளில் வரிசைப்படுத்தும் செயற்கூறு ஆயத்தமாகவே கிடைக்கிறது. எனவே நம் கவனம் முழுவதும் நான்காம் படியில் இருக்க வேண்டும். இடறல்கள் அனைத்தும் அங்கேதான்.

எண்ணும் நாளும்

கோப்பிலிருந்து படிக்கும் எல்லாமே கணிப்பொறிக்கு வெறும் எழுத்துக்கோவையே. பன்னிரண்டு கோட்டைகளின் படங்களுக்கு 1 முதல் 12 வரை எண்ணிட்டிருந்தோம். அவற்றை அப்படியே வரிசைப்படுத்தியபோது 1, 10, 11, 12, 2, 3 என்று வந்தன. முதல் எழுத்தை முதல் எழுத்தோடு ஒப்பிட்டதன் விளைவு இது. புலத்தை எண்ணாக மாற்றித் திறவுகோலாக்கியதும் சீராயிற்று.

நாளில் நேரும் பிழை இன்னும் வேடிக்கையானது. மேற்காட்டிய கோப்பை எழுத்துக்கோவையாக வரிசைப்படுத்தினால் 03-10-1714, 05-04-1761, 11-07-2025, 11-09-1750 என்று வரும். யுனெஸ்கோ அங்கீகாரம் வந்த பிறகு புஸ்ஸியின் படை இரவில் கோட்டை ஏறுகிறது! நாம் நாளை முன்னும் ஆண்டைப் பின்னும் எழுதுவதால் இது நேர்கிறது. நாள், மாதம், ஆண்டு மூன்றையும் பிரித்து, ஆண்டு, மாதம், நாள் என்று திருப்பிச் சேர்த்தால் 17141003, 17500911, 17610405, 20250711 என்ற திறவுகோல்கள் கிடைக்கும். அவற்றின் வரிசையே காலவரிசை. கோப்பில் எழுதிய வடிவம் மாற வேண்டியதில்லை; திறவுகோல் மட்டுமே மாறுகிறது.

சிவாஜிக்கும் சுல்பிகர் கானுக்கும் எங்கள் குறிப்பில் ஆண்டு மட்டுமே இருந்தது. அத்தகைய இடங்களில் மாதத்துக்கும் நாளுக்கும் சுழியம் இட்டு 16770000, 16980000 என்று கொண்டேன். இதனால் நாளறியாத நிகழ்ச்சி அந்தந்த ஆண்டின் தலைப்பில் நிற்கும். வேறு முடிவும் எடுக்கலாம். எந்த முடிவானாலும் நாமே எடுக்க வேண்டும், கணிப்பொறியின் போக்கில் விட்டுவிடலாகாது.

தமிழுக்கு உரிய அகரவரிசை

செஞ்சிச் சுற்றுவட்டார ஊர்ப் பெயர்களை வரிசைப்படுத்த முற்பட்டபோதுதான் பெரிய வியப்புக் காத்திருந்தது. அப்பம்பட்டு, அவலூர்பேட்டை, அன்னமங்கலம், அனந்தபுரம் என்பதே தமிழ் அகராதி முறை. கணிப்பொறி தந்ததோ அனந்தபுரம், அன்னமங்கலம், அப்பம்பட்டு, அவலூர்பேட்டை!

காரணம் என்ன? யூனிகோடு முறையில் ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் உண்டு. பதின்ம எண்ணில் கூறினால் ந 2984, ன 2985, ப 2986, வ 2997. இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக வகுக்கப்பட்ட இஸ்கி குறியீட்டைப் பின்பற்றியதால், நகரத்தின் பக்கத்திலேயே னகரம் அமர்ந்துவிட்டது. ஆனால் தொல்காப்பியத்தின் முதல் நூற்பாவே னகரத்தைக் கடைசி எழுத்தாகக் கொள்கிறது. குறியீட்டு எண் என்பது எழுத்தின் முகவரி. அது அகரவரிசை அன்று. இதனை உணர்ந்தே யூனிகோடு அமைப்பும் ஒப்பிடும் முறையைத் தனியே வகுத்துள்ளது.

புள்ளியிலும் இதே சிக்கல். அகராதியில் ‘ன்’ முன்னும் ‘ன’ பின்னும் வரும். கணிப்பொறியில் புள்ளி தனிக்குறி. அதன் எண் 3021. எல்லா மெய்களின் எண்களையும்விட அது பெரியது. ஆதலால் அன்னமங்கலம் அனந்தபுரத்துக்குப் பின்னே தள்ளப்படுகிறது.

தீர்வு, நாமே ஒரு மதிப்பு அட்டவணை அமைப்பது. உயிர் பன்னிரண்டுக்கு 1 முதல் 12, ஆய்தத்துக்கு 13, க் முதல் ன் வரை மெய் பதினெட்டுக்கு 14 முதல் 31, கிரந்த எழுத்துகளுக்கு அதற்கு மேல். சொல்லின் ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு எண்களைத் தரவேண்டும்: முதலாவது அவ்வெழுத்தின் மதிப்பு, இரண்டாவது அதன்மேல் ஏறிய உயிரின் மதிப்பு. புள்ளியிட்ட மெய்க்கு இரண்டாவது எண் 0. அதன்படி ‘ன்’ என்பது (31, 0). ‘ன’ என்பது (31, 1). ‘னா’ என்பது (31, 2). தனி உயிருக்கும் ஆய்தத்துக்கும் இரண்டாவது எண் 0 என்றே கொள்ளலாம். இவ்விணைகளின் பட்டியலே திறவுகோல். நான்கு ஊர்களும் உடனே தத்தம் இடத்தில் வந்து நின்றன. இம்முறையை உள்ளடக்கிய நூலகங்களும் இன்று உண்டு. எனினும் ஒருமுறை நாமே எழுதிப் பார்த்தால் தமிழ் இலக்கணமும் நிரலும் கைகோத்து நிற்பதைக் காணலாம்.

சமமான பதிவுகள்

இரு பதிவுகளின் திறவுகோல் ஒன்றாகவே இருந்தால்? முன்பு எந்த வரிசையில் இருந்தனவோ அதே வரிசையில் அவற்றை விட்டுவைக்கும் முறைக்கு நிலையான வரிசை என்று பெயர். பைத்தானின் செயற்கூறு இத்தகையது. துளையட்டைக் காலத்துப் பிரிப்புப் பொறிகளும் இதை நம்பியே இயங்கின. நான்கு இலக்க ஆண்டை வரிசைப்படுத்த, முதலில் ஒன்றாம் இலக்கம், அடுத்துப் பத்தாம் இலக்கம் என்று வலமிருந்து இடமாக நான்கு முறை அட்டைகளைப் பொறியில் செலுத்துவர். முந்திய சுற்றின் ஒழுங்கு கலையாதிருந்தால்தான் இறுதியில் சரியான வரிசை கிடைக்கும். நாமும் முதலில் நாளாலும் பின்னர் தொடர்புடையோர் பெயராலும் வரிசைப்படுத்தினால், ஒவ்வொருவருக்கும் உரிய நிகழ்ச்சிகள் காலமுறையிலேயே நிற்கும்.

முடிவுரை

மறுநாள் காலை திருத்திய பட்டியலை ஒட்டினேன். ஒட்டுமுன் மூன்று செயல்களைச் செய்தேன். வரிசைப்படுத்துமுன் எத்தனை பதிவுகள், பின் எத்தனை என்று எண்ணினேன். முதலிலும் நடுவிலும் இறுதியிலும் ஒவ்வொரு பதிவை எடுத்து, வரலாற்று நண்பரின் கையெழுத்துக் குறிப்போடு புலம் புலமாக ஒப்பிட்டேன். பிறகு, முழுப் பட்டியலையும் அந்நண்பரிடமே தந்து உரக்கப் படிக்கச் சொன்னேன். இம்மூன்றும் கால்மணி நேர வேலை.

ஏறுமுகமாக நின்ற ஐந்து எண்களைக் கண்டு நான் ஏமாந்தேன். ஒழுங்காகத் தோன்றுவது வேறு. உண்மையாக இருப்பது வேறு. இப்பிழை ஒரு கண்காட்சியில் நேர்ந்ததால் வெட்கத்தோடு போயிற்று. மதிப்பெண் பட்டியலிலோ மருத்துவமனைப் பதிவேட்டிலோ நேர்ந்திருந்தால், ஒருவரின் உழைப்பும் ஒருவரின் நோயும் மற்றொருவர் பெயரில் ஏறியிருக்கும். எனவே நண்பர்களே, நெடுவரிசையைத் தேர்ந்தெடுங்கள், அது எண்ணா, நாளா, தமிழ்ச் சொல்லா என்று கணிப்பொறிக்குச் சொல்லுங்கள், பதிவைப் பிரிக்காதீர்கள்.