மின்தடையும் வீட்டு ஆக்சிஜனும்: மின்கலப் பெட்டியைக் கணக்கறிந்து பயன்படுத்துவோம்

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் குமரி மாவட்டத்தைத் தாக்கியபோது ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. கோதையாற்றில் நீர்மின் நிலையமும் முப்பந்தலில் காற்றாலைகளும் இருக்கும் மாவட்டமே ஆயினும், கம்பி அறுந்த வீட்டிற்கு அவற்றால் பயனில்லை. பேச்சிப்பாறை, கீரிப்பாறை போன்ற மலையோரப் பகுதிகளில் ஒரு ரப்பர் மரம் கம்பியின்மேல் விழுந்தாலே மின்சாரம் நின்றுவிடும். ஆக்சிஜன் செறிவூட்டியை நம்பியிருக்கும் நோயாளிக்கு இந்த இடைவெளி ஆபத்தானது.

இதற்கெனப் பல குடும்பத்தினர், ‘போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன்’ என்று கடைகளில் விற்கப்படும் மின்கலப் பெட்டியை வாங்குகின்றனர். லித்தியம் மின்கலமும் இன்வெர்ட்டரும் ஒன்றாக அமைந்த இப்பெட்டி நல்ல துணைதான். ஆனால் எத்தனை மணி நேரத்திற்குத் துணை என்பதை முன்னரே அறிந்திருக்க வேண்டும்.

கணக்கிடும் முறை

பெட்டியில் இரண்டு எண்களைக் காணலாம். ‘வாட்-மணி’ என்பது தொட்டியில் உள்ள நீரின் அளவு போன்றது. ‘வாட்’ என்பது குழாய் வழியே நீர் வெளியேறும் வேகம் போன்றது. 1000 வாட்-மணிப் பெட்டியில் இன்வெர்ட்டர் இழப்புப் போக ஏறக்குறைய 850 வாட்-மணியே பயன்படும். அதை உங்கள் கருவியின் வாட் அளவால் வகுத்தால் நேரம் கிடைக்கும்.

• 5 லிட்டர் ஆக்சிஜன் செறிவூட்டி, சுமார் 350 வாட்: இரண்டரை மணி நேரத்திற்கும் சற்றுக் குறைவு.
• உறக்க மூச்சுத்தடைக்கான சிபாப் கருவி, ஈரப்பதமூட்டியை நிறுத்திய நிலையில் சுமார் 40 வாட்: 21 மணி நேரம், அதாவது இரண்டு இரவுகளுக்கு மேல்.
• நெபுலைசர், சுமார் 120 வாட்: பத்து நிமிடம் வீதம் ஏறக்குறைய 40 முறை.

உங்கள் கருவியின் அளவு மாறுபடலாம். அதன் பின்புறத் தகட்டைப் பாருங்கள். பல செறிவூட்டிகள் குறைந்த ஓட்டத்தில் வைத்தாலும் ஏறத்தாழ அதே மின்சாரத்தையே இழுக்கும். ஆகவே மின்சாரத்தை மிச்சப்படுத்த எண்ணி ஆக்சிஜன் அளவைக் குறைக்காதீர்கள்.

இரவைக் கடத்துவது சிலிண்டரே

சுமார் 1500 லிட்டர் கொள்ளும் ‘பி’ வகைச் சிலிண்டர், நிமிடத்திற்கு 2 லிட்டர் வீதம் 12 மணி நேரம் வரை வரும். ஆகவே செறிவூட்டி பயன்படுத்துவோருக்கு மின்கலப் பெட்டி ஒரு பாலம் மட்டுமே. சிலிண்டரை மாற்றிப் பொருத்தவும் மருத்துவமனைக்குப் புறப்படவும் அவகாசம் தருவது. நிரப்பிய சிலிண்டரும் ரெகுலேட்டரும் எப்போதும் வீட்டில் இருத்தல் வேண்டும்.

சூரியத் தகட்டை மட்டும் நம்ப இயலாது. 200 வாட் தகடு நல்ல வெயில் நாளில் ஏறக்குறைய 800 வாட்-மணி தரும். நம் மாவட்டம் இரு பருவமழைகளையும் பெறுவது. மின்சாரம் அறுந்துபோகும் நாளில் பெரும்பாலும் வெயிலும் இராது.

வாங்கும்போதும் பயன்படுத்தும்போதும்

• செறிவூட்டி தொடங்கும் கணத்தில் வழக்கத்தைவிட அதிக மின்சாரம் இழுக்கும். குறைந்தது 1000 வாட் வெளியீடும் ‘ப்யூர் சைன் வேவ்’ வகை இன்வெர்ட்டரும் உள்ள பெட்டியைத் தேர்ந்தெடுங்கள்.
• மழைக்காலத்தில் முழுமையாக மின்னேற்றி வையுங்கள். பயன்படுத்தாத மாதங்களிலும் இருப்பைச் சரிபாருங்கள்.
• மின்தடையின்போது மின்விசிறி, தொலைக்காட்சி ஆகியவற்றை அதில் இணைக்காதீர்கள்.
• ஆக்சிஜன் ஓடும் அறையில் மெழுகுவர்த்தி, மண்ணெண்ணெய் விளக்கு, அடுப்பு, பீடி எதுவும் கூடாது. டார்ச் விளக்கே போதும்.
• பெட்ரோல் ஜெனரேட்டரை வீட்டினுள்ளோ திண்ணையிலோ இயக்காதீர்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.

எப்போது புறப்பட வேண்டும்?

புயல் எச்சரிக்கை வந்தவுடன், பாதை அடைபடுமுன்னரே, மின்வசதி உறுதியாக உள்ள உறவினர் வீட்டிற்கோ மருத்துவமனைக்கோ நோயாளியை அழைத்து வாருங்கள். விரலில் பொருத்தும் கருவி, மருத்துவர் குறித்த அளவிற்குக் கீழ் காட்டினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, நோயாளி குழப்பமாகப் பேசினாலோ, மிகுந்த தூக்கத்தில் ஆழ்ந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆக்சிஜனைத் தாமாகவே கூட்டுவதும் தீங்காகும். இரத்தத்தில் கரியமில வாயு மிகக்கூடும்.

ஒத்திகை பாருங்கள்

நோயாளி நலமாக இருக்கும் ஒரு பகற்பொழுதில், சிலிண்டரை அருகில் வைத்துக்கொண்டு, செறிவூட்டியை மின்கலப் பெட்டியில் இணைத்து அரை மணி நேரம் ஓட்டுங்கள். இருப்பு எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால், முழு இருப்பு எத்தனை மணி நேரம் வரும் என்பது தெரிந்துவிடும். அந்த எண்ணையும், சிலிண்டர் வழங்குபவரின் தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கட்டிலருகே ஒட்டி வையுங்கள். சிலிண்டரைப் பொருத்த வீட்டில் இருவராவது கற்றிருக்கட்டும். அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது அத்தாளையும் கொண்டு வந்தால், உங்கள் மருத்துவர் அதைச் சரிபார்த்துத் தருவார்.