முதுகில் எதைக் கட்டலாம்? கிணற்று நீச்சல் பழகுவோருக்கு ஒரு மிதவைக் கணக்கு

கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் நடுவே இருக்கும் தம்மம்பட்டி வட்டாரத்தில் முழுப்பரீட்சை முடிந்ததும் பிள்ளைகள் போய் விழுகிற இடம் பம்புசெட் கிணறு. நீச்சல் குளம் தேடி டவுனுக்குப் போகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். தாத்தா காலத்தில் பழகுகிற பிள்ளையின் முதுகில் காய்ந்த சுரைப்புருடையோ கல்யாண முருங்கைக் கட்டையோ இருந்தது. அப்பா காலத்தில் லாரி ட்யூப் வந்தது. இப்போது தெர்மாகோல், எண்ணெய் கேன், ஆன்லைனில் வாங்கிய லைஃப் ஜாக்கெட். எதைக் கட்டலாம் என்று பெரியவர்கள் பேச ஆரம்பித்தால், எது அதிகம் தூக்கும் என்பதிலேயே பேச்சு நின்றுவிடுகிறது. காற்று அடைத்த எதுவும் தூக்கத்தான் செய்யும். அது உடம்பில் எந்த இடத்தில் இருந்து தூக்குகிறது, கட்டிய இடத்திலேயே நிற்கிறதா என்பதைப் பார்க்கிறவர்கள் குறைவு.

இதே கேள்வியில் மண்டையை உடைத்துக்கொண்ட இன்னொரு கூட்டம் உண்டு: நீர் நிறைந்த குகைக்குள் முங்கிப் போகிறவர்கள். இங்கிலாந்தின் மெண்டிப் மலைக் குகைகளில் 1960களிலேயே, முதுகில் சிலிண்டர் இருந்தால் இடுக்கில் நுழைய முடியாது என்று அதை இடுப்புப் பட்டையில் பக்கவாட்டில் கட்டிக்கொண்டார்கள். அந்த முறை பிறகு அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போனது. அங்கே சிலிண்டரின் கழுத்தை அக்குளோடு சேர்த்து நிறுத்த அவர்கள் பயன்படுத்திய பொருள்களில் ஒன்று சைக்கிள் ட்யூப். டைவ் ரைட் நிறுவனம் 1990களில் இந்தச் 'சைடுமவுண்ட்' பட்டை அமைப்பை விற்பனைக்குக் கொண்டுவரும் வரை எல்லாம் கைவேலைதான். மிதப்புக்காக அவர்கள் கட்டிக்கொள்ளும் காற்றுப்பை தோள் பக்கம் இருந்தால் கால் தொங்கும். இடுப்புப் பக்கம் இறக்கினால் உடம்பு மட்டமாகக் கிடக்கும். இதைக் கண்டுபிடித்த பிறகு பையின் வடிவமே மாறி, அகலமான பாகம் இடுப்புக்கு வந்தது. ஆனால் அவர்கள் வாயில் காற்றுக்குழாய் இருக்கிறது. முகம் தண்ணீருக்குள் கிடந்தாலும் கவலையில்லை. கிணற்றில் பழகும் பிள்ளைக்கு அது கிடையாது. அதனால் கணக்கு அப்படியே தலைகீழ்: இங்கே மிதவை இடுப்புக்கு இறங்கவே கூடாது.

மிதவையைத் தொடுமுன் கிணற்றைப் பார்க்க வேண்டும். சேலம், நாமக்கல் பக்கத்துக் கிணறுகள் பாறையை வெட்டி இறக்கியவை. மேலே கல்கட்டு, கீழே கரடுமுரடான பாறை, தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத திட்டு. வெயில் காலத்தில் தண்ணீர் இறங்க இறங்க அந்தத் திட்டு மேலே வந்துகொண்டிருக்கும்; போன மாதம் குதித்த இடம் இந்த மாதம் குதிக்கிற இடமல்ல. படி தண்ணீருக்குள்ளும் இரண்டு மூன்று தொடர்ந்து இறங்கும் கிணறாகப் பார்த்துக்கொள்வது நல்லது. மோட்டாரை ஸ்டார்ட்டரில் நிறுத்தினால் போதாது. மெயினை இறக்கி, ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். மும்முனை மின்சாரம் எப்போது வரும், ஆட்டோ ஸ்டார்ட்டர் எப்போது இழுக்கும் என்று யாருக்கும் தெரியாது. நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் தண்ணீரில், இன்னொருவர் மேலே. பாழடைந்து கிடக்கும் ஆழக்கிணறு வேண்டவே வேண்டாம். அடியில் மூச்சுவிடக் காற்றே இல்லாமல் போகலாம்.

எந்த வயதில் தொடங்கலாம்? பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு, அதாவது ஆறு வயதிலிருந்து, அடிப்படை நீச்சலைக் கற்றுத் தரச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். வங்கதேசத்தில் 'ஸ்விம்சேஃப்' திட்டத்தில் ஊர்க்குளத்துக்குள்ளேயே மூங்கில் மேடை கட்டி, பிள்ளைகள் நின்றபடி பழக வைக்கிறார்கள். கிணற்றில் அப்படிக் கால் ஊன்ற இடமில்லை. கடைசிப் படியை விட்டால் ஆள் முங்கும் ஆழம். இங்கே மிதவைக்கு இத்தனை முக்கியத்துவம் அதனால்தான்.

இனி பொருள்களைப் பார்க்கலாம். 20 செ.மீ. குறுக்களவுள்ள உருண்டைச் சுரைப்புருடையின் கொள்ளளவு நான்கு லிட்டருக்குச் சற்று மேல். அதன் எடை போக மூன்றரைக் கிலோவுக்குக் குறையாமல் தூக்கும். காசு செலவில்லை, உருண்டையாக இருப்பதால் உடம்பில் குத்தாது. கல்லில் ஒரு முறை மோதினால் விரிசல் விடும் என்பதுதான் கோளாறு, அந்த விரிசல் கண்ணுக்கும் தெரியாது. இறக்கும் முன் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்துக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதை யாரும் தவிர்க்கக் கூடாது. கல்யாண முருங்கைக் கட்டையும் ரயில் கத்தாழையின் காய்ந்த பூத்தண்டும் உடைந்தாலும் மிதக்கும், அதுவே பெரிய பலம். ஆனால் பச்சையாக வெட்டிய கட்டை கனக்கும், காய்ந்த கட்டையும் ஊற ஊற நீர் குடிக்கும். காலையில் தூக்கிய அளவு மத்தியானம் தூக்காது.

தெர்மாகோல் கிட்டத்தட்ட முழுக்கக் காற்று. 30 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், 5 செ.மீ. கனம் உள்ள துண்டு மூன்று லிட்டர். ஏறக்குறைய மூன்று கிலோ தூக்கும். கயிறு நேராக அதன் மேல் அழுந்தினால் நடுவில் பிளந்துவிடும். உரச்சாக்கில் வைத்துத் தைத்து, சாக்கின் மேல் பட்டை கட்டினால் ஒரு கோடை முழுக்கத் தாங்கும். கேன் என்றால் ஐந்து லிட்டர் சமையல் எண்ணெய் கேன். பூச்சிமருந்து கேனை எத்தனை முறை கழுவினாலும் பிள்ளையின் முதுகுக்குக் கொண்டுவரக் கூடாது.

லாரி ட்யூபுக்குத் தனியாக ஒரு பத்தி வேண்டும். நாமக்கல், சங்ககிரி என்று லாரித் தொழில் செழித்த ஊர்கள் பக்கத்திலேயே இருந்ததால் பழைய ட்யூபுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. ஆள் கணக்கில் தூக்கும். ஆனால் நடுவில் இருக்கும் ஓட்டை சின்னப் பிள்ளைக்குப் பெரிசு. கையைத் தூக்கிய நொடியில் வழுக்கிக் கீழே போய்விடும். வால்வு மூக்கு விலாவைக் கிழிக்கும். பழகுவதற்கு ட்யூப் ஆகாது. முப்பது அடிக் கயிறு கட்டி, ஆபத்தில் வீசுவதற்கென்று கிணற்று மேட்டில் காற்றடித்து வைத்திருக்க அதைவிட நல்ல பொருள் கிடையாது.

எவ்வளவு தூக்கினால் போதும்? உடம்பில் பெரும்பகுதி ஏற்கெனவே மிதக்கிறது. தலை மட்டும் வெளியே நிற்க, பெரும்பாலான பெரியவர்களுக்கே மூன்று முதல் ஐந்தரைக் கிலோ கூடுதல் தூக்கல் போதும் என்பது அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் கணக்கு. சின்னப் பிள்ளைக்கு இரண்டிலிருந்து மூன்று கிலோவில் தொடங்கி, தாடை தண்ணீருக்கு மேல் நிற்கிறதா என்று பார்த்துக் கூட்டலாம், குறைக்கலாம். வீட்டிலேயே அளக்க வழி உண்டு. தோட்டத்துத் தொட்டியில் மிதவையைப் போட்டு, அதன் அடியில் கருங்கல் போட்ட பையைத் தொங்கவிட வேண்டும். இங்கே ஒரு சூட்சுமம்: 5 கிலோ கருங்கல் தண்ணீருக்குள் ஏறக்குறைய 3 கிலோ கனம்தான். ஆகவே 5 கிலோ கல்லைத் தாங்கி மிதந்தால், அந்த மிதவை 3 கிலோ தூக்குகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். 5 கிலோ என்று நம்பிவிடக் கூடாது.

கட்டுவதில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். வயிற்றைச் சுற்றி ஒரே ஒரு கயிறு, அதில் முதுகோடு ஒரு கேன்: இதுதான் வழக்கமான கட்டு. பிள்ளை கையை வீசி நாலு இழுப்பு இழுத்ததும் கயிறு நெகிழ்ந்து இடுப்புக்கு இறங்கும். உடனே புட்டம் மேலே, தலை கீழே. மிதவை நன்றாகத் தூக்கிக்கொண்டிருக்கும், தூக்க வேண்டிய பக்கத்தைத் தவிர.

சரியான இடம் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே, அக்குள் மட்டத்தில். ஒரே பெரிய கேனைவிட இரண்டு சின்ன மிதவைகளை அக்குளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக வைத்தால் உடம்பு உருளாது. ஒன்று ஓட்டையானாலும் இன்னொன்று தாங்கும். பட்டைக்குப் பழைய பருத்தி வேட்டியை நாலு விரல் அகலத்தில் கிழித்துக்கொள்ளலாம். தேங்காய்நார்க் கயிறு தோலை அறுக்கும், நைலான் முடிச்சு நனைந்ததும் வழுக்கும். மார்பைச் சுற்றி ஒரு கட்டு. இரண்டு தோளின் மேலும் ஒவ்வொரு பட்டை. கடைசியாக, முதுகிலிருந்து கால் இடுக்கு வழியாக முன்பக்கம் வந்து மார்புக் கட்டோடு சேரும் ஒரு பட்டை. கோவணம் மாதிரி இருக்கிறதே என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். சைடுமவுண்ட் பட்டையிலும் அதே இடத்தில் அதே பட்டை இருக்கிறது, கட்டு மேலேறிக் கழுத்துக்குப் போகாமல் பிடித்து வைப்பது அதுதான். முடிச்சு முன்பக்கம், இழுத்தால் அவிழும் உருவு முடிச்சாக இருக்க வேண்டும். இழுத்தால் இறுகும் சுருக்கை உடம்பில் போடவே கூடாது. பட்டைக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் இறுக்கம் சரி.

தண்ணீரில் இறக்கியதும் நீச்சல் சொல்லித்தர அவசரம் வேண்டாம். "மாமா, உட்றாதீங்க!" என்று கத்துகிற பிள்ளையை அக்குளில் பிடித்தபடி முதலில் குப்புற மிதக்க விட்டு, பிறகு தானாக மல்லாந்து திரும்பச் சொல்ல வேண்டும். இந்தத் திருப்பம்தான் முதல் பாடம். காரணம் இதுதான்: முதுகில் கட்டிய எந்த மிதவையும், தெம்பு போன உடம்பைக் குப்புறத்தான் போடும். சுரைப்புருடையும் சரி, விலை உயர்ந்த டைவிங் காற்றுப்பையும் சரி. அதனால் இவை பழகுவதற்கான கருவிகளே. உயிர் காக்கும் கவசமல்ல. மேலே உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்ற தைரியத்தை இவை தரக் கூடாது.

முகத்தை மேலே திருப்புகிற வேலையைச் செய்வது லைஃப் ஜாக்கெட். அதன் தூக்கல் நெஞ்சிலும் கழுத்தைச் சுற்றியும் இருக்கும். ஐஎஸ்ஓ 12402 தரத்தில் இவற்றை நியூட்டனில் பிரிக்கிறார்கள். 50 என்றால் ஏறக்குறைய ஐந்து கிலோத் தூக்கல், நீந்தத் தெரிந்தவருக்கான துணை மட்டும். 100 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் ஆளை மல்லாக்கத் திருப்பும் நோக்கத்தோடு செய்தது. ஒகேனக்கல் பரிசலில் ஏறும்போது வேண்டியது அந்த ஜாக்கெட். அதைப் போட்டுக்கொண்டு கிணற்றில் நீச்சல் பழகினால் நெஞ்சு மேலே நிமிர்ந்துகொண்டு கை எட்டாது. ஒரு கோடை முழுக்கப் போட்டாலும் கடப்பாரை நீச்சல்தான் வரும்.

மிதவையோடு மேட்டிலிருந்து குதிக்க விடக் கூடாது. உடம்பு கீழே போகும்போது மிதவை மேலே உந்தும். தோளில் போட்ட பட்டை கழுத்தில் மாட்டும், கேனின் விளிம்பு பின்மண்டையில் அடிக்கும்.

பிள்ளை கிணற்றின் அகலத்தைத் தடுமாறாமல் கடந்ததும் மிதவையைக் குறைக்கத் தொடங்கலாம். தெர்மாகோல் என்றால் ஒரு விரல் கனமாக அறுத்துக்கொண்டே வரலாம். கேனுக்குள் தண்ணீர் ஊற்றிக் குறைப்பவர்களும் உண்டு: ஐந்து லிட்டர் கேனில் இரண்டு லிட்டர் ஊற்றினால் தூக்கல் மூன்று கிலோவுக்கு வந்துவிடும். கணக்கு சரிதான். ஆனால் உள்ளே தண்ணீர் தளும்பிப் பிள்ளையைப் பக்கவாட்டில் ஆட்டும். அதைவிட ஐந்து லிட்டர் கேனைக் கழற்றிவிட்டு இரண்டு லிட்டர் பாட்டில் கட்டுவது மேல்.

வேலை முடிந்ததும் பட்டையை அவிழ்த்துத் தனியே காய வைக்க வேண்டும். ஈரத்தோடு சுருட்டினால் பருத்தி சீக்கிரம் இற்றுவிடும். சுரைப்புருடையைத் தரையில் போடாமல் எலி எட்டாத உயரத்தில் தொங்கவிடலாம். தெர்மாகோலை மோட்டார் ரூமில் பெட்ரோல் கேன் பக்கத்தில் வைக்காமல் இருப்பது நல்லது. பெட்ரோல் சிந்தினால் தெர்மாகோல் கரைந்து கூழாகிவிடும், சாக்குக்குள் தைத்திருப்பதால் மறுநாள் தூக்கிக் கட்டும்போது அது வெளியே தெரியாது.